வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்

காரைநகர், பொன்னாலைப் பாலத்தடி. கைத்தொலைபேசியில் தான் எடுத்த உள்ளானை அக்கா ஒருவர் காட்டினார். கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது.

"எனக்கு இது சரிவராது, பிள்ளை."

சகோதரிகளே, பிழை அவரில் இல்லை. மின்னும் கடல்நீரைக் கண்டதும் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சின்னப் பறவை இருண்டுபோகும். திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டவேண்டும். கருஞ்சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்குக் குறைக்கவேண்டும். காலை வெயில் முதுகில் படக் குந்தியிருந்து எடுத்தால் இறகும் தெளியும். கமராவென்றால், ஓடும் பறவைக்குச் செக்கனில் 1000இல் ஒரு பங்கு வேகம் நல்லது.

அக்கா மறுபடி எடுத்தார். உள்ளானின் கண்ணே தெரிந்தது. நெடுநேரம் பார்த்திருந்தார்.

"அவரின்ர ஒரேயொரு படமும் இப்பிடி இருட்டுத்தான். பேரப்பிள்ளையளையெண்டாலும் இனி வெளிச்சமா எடுப்பன்."