பிரிந்த பின் மலர்ந்த நட்பு: ஐன்ஸ்டைனும் மிலேவாவும்

எங்கள் சீர்காழிப் பக்கத்துக் கிராமங்களில் ‘அத்துவிட்டாச்சு’ என்று ஒரு சொல் உண்டு. கணவன் மனைவி ஒத்துவரவில்லை என்றால் பஞ்சாயத்துக் கூடும். போட்ட நகையும் பாத்திர பண்டங்களும் எண்ணித் திருப்பித் தரப்படும். அதோடு இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றுவிடும். பிறகு கடைத்தெருவில் எதிரே வந்தாலும் ஒருவர் கிழக்குப் பார்த்தால் மற்றவர் மேற்குப் பார்ப்பார். குழந்தை இருந்தால் அது ஒரு வீட்டில், மற்ற வீட்டின் பெயரையே உச்சரிக்காமல் வளரும். நீதிமன்றம் வழியாகப் பிரிந்த படித்தவர்களிலும் பலர் இப்படித்தான். பிரிந்தவர்கள் பகைவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது நமக்கு ஏறக்குறைய ஒரு விதி போலாகிவிட்டது.

அது விதிதானா? ஒரு விதியை ஆட்டிப் பார்க்க விஞ்ஞானிக்கு ஒரே ஒரு விலக்கு போதும். அத்தகைய விலக்கு ஒன்று நம் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் மனிதரின் வீட்டிலேயே நடந்திருக்கிறது. பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று எந்த வகுப்பிலும் நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சார்பியல் கொள்கையை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி கொள்கையைப் பற்றி இராது. “சார், அவர் சம்சாரம்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தாராமே?” என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். காதலித்த காலத்துக் கடிதங்கள் சிலவற்றில் ஐன்ஸ்டைன் ‘நம் ஆராய்ச்சி’ என்ற பொருளில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு 1905-ஆம் ஆண்டுக் கட்டுரைகளை மிலேவாவின் பெயரில் எழுதிவிடச் சான்று போதாது. இந்த வழக்கில் காட்டும் அக்கறையில் பாதியையாவது அந்த அம்மையாரின் பிற்கால வாழ்க்கையில் நாம் காட்டவில்லையே என்பது என் குறை.

மிலேவா மாரிச் 1875-ஆம் ஆண்டு டிசம்பரில், அன்று ஹங்கேரியைச் சேர்ந்ததும் இன்று செர்பியாவில் உள்ளதுமான டிட்டெல் என்ற ஊரில் பிறந்தவர். ஐன்ஸ்டைனைவிட மூன்று வயதுக்குச் சற்று மேல் மூத்தவர். பிறவியிலிருந்தே இடுப்பெலும்பில் குறை இருந்ததால் சற்றே சாய்ந்து நடப்பார். 1896-இல் இருவரும் ஜூரிச் பாலிடெக்னிக்கில் கணித, இயற்பியல் ஆசிரியர்ப் படிப்பில் சேர்ந்தனர். அந்த ஆண்டு அந்தப் பிரிவில் சேர்ந்த ஒரே பெண் அவர். 1900-இல் இறுதித் தேர்வில் ஐன்ஸ்டைன் தேறினார்; மிலேவா தேறவில்லை. மறு ஆண்டு மீண்டும் எழுதியபோது அவர் கருவுற்றிருந்தார்; அப்போதும் தேறவில்லை. 1902 ஜனவரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தச் செய்தியே 1980-களில் பழைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஐன்ஸ்டைனின் தாயார் கடைசி வரை இந்தச் சம்பந்தத்தை விரும்பவில்லை. ஆயினும் 1903 ஜனவரி 6-ஆம் நாள் பெர்ன் நகரில் திருமணம் நடந்தது. 1904-இல் ஹான்ஸ் ஆல்பர்ட்டும் 1910-இல் எடுவார்டும் பிறந்தனர்.

கணவரின் புகழ் ஏற ஏற வீடு குளிர்ந்தது. 1912-இல் ஐன்ஸ்டைனுக்குத் தம் உறவுக்காரப் பெண் எல்ஸாவோடு நெருக்கம் ஏற்பட்டது. 1914-இல் குடும்பம் பெர்லினுக்குப் பெயர்ந்த சில மாதங்களில் எல்லாம் முறிந்தது. சேர்ந்து வாழ்வதானால் இன்னின்ன நிபந்தனைகள் என்று ஐன்ஸ்டைன் எழுதிக் கொடுத்த தாள் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. துணி ஒழுங்காக இருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு அறைக்கே வர வேண்டும். அன்பை எதிர்பார்க்கக் கூடாது. போ என்றால் உடனே அறையை விட்டுப் போக வேண்டும். ஒரு வேலைக்காரிக்குக்கூட யாரும் இப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். மேதை என்பதற்காக இதை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஜூலை மாத இறுதியில், முதல் உலகப்போர் வெடித்த நாட்களில், மிலேவா இரு பிள்ளைகளோடு ஜூரிச்சுக்கு ரயிலேறினார்.

நட்பு இந்த இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாலைந்து ஆண்டுகள் கடுமையானவை. மூத்த மகன் தந்தைக்கு ஒழுங்காகக் கடிதம் எழுத மறுத்தான். 1916-இல் ஐன்ஸ்டைன் மணவிலக்குக் கேட்டார். அதே ஆண்டு மிலேவா நோயில் விழுந்து மருத்துவமனைக்குப் போனார். இருவருக்கும் நடுவில் நின்றவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் பொறியாளர் மிகேல் பெஸ்ஸோ. 1905-ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரையின் முடிவில் ஐன்ஸ்டைன் நன்றி சொன்ன ஒரே மனிதர். மற்றவர் ஜூரிச் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஸாங்கர். இவர்கள் யார் பக்கமும் சாயவில்லை. பிள்ளைகளைக் கவனித்தார்கள், நோயாளியின் நிலையை உள்ளபடி எழுதினார்கள், நண்பரைக் கண்டித்தும் எழுதினார்கள். ஐன்ஸ்டைன் தம் கோரிக்கையைச் சில காலம் நிறுத்தி வைத்தார். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் மாமன் மச்சான்கள் செய்யும் காரியத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1918-இல் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. விஞ்ஞான வரலாற்றில் இதுபோல் இன்னொன்று இராது. தமக்கு நோபல் பரிசு கிடைத்தால் அந்தப் பணம் மிலேவாவுக்கு என்று ஐன்ஸ்டைன் எழுதிக் கொடுத்தார். வட்டியை மிலேவா விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். முதலைத் தொட ஐன்ஸ்டைனின் சம்மதம் வேண்டும். பரிசு அப்போது வரவேயில்லை! 1919 பிப்ரவரி 14-இல் ஜூரிச் நீதிமன்றம் மணவிலக்கு வழங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஐன்ஸ்டைன் எல்ஸாவை மணந்தார். நவம்பரில் சூரிய கிரகணப் படங்களின் முடிவு வெளியாகி அவர் உலகப் புகழ் பெற்றார். 1922 அக்டோபர் இறுதியில், ஜப்பான் செல்லும் வழியில் கொழும்பில் கரையிறங்கி ஊர் சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதமே, 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு என்ற அறிவிப்பு வந்தது. தொகை 1,21,572 ஸ்வீடன் குரோனர். சொன்னபடி அது மிலேவாவுக்குப் போயிற்று. 1924-இல் ஜூரிச் ஹுட்டன் வீதியில் 62-ஆம் எண் வீடு வாங்கப்பட்டது. பிறகு மேலும் இரண்டு வீடுகள்.

கணக்குத் தீர்ந்தது, பேச்சு பிறந்தது. பின்னர் வந்த நட்புக்கு அடித்தளம் இந்தத் தெளிவான எழுத்துதான் என்பது என் கருத்து. நம் நாட்டிலும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிய வழி உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 13-பி என்ற பிரிவைச் சேர்த்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்தே மனுப் போடலாம். ஒருவர் மீது மற்றவர் குற்றம் சாட்டத் தேவையில்லை. மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும், தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் கூறியது. சேற்றை வாரி இறைத்தபின் நட்பு ஏது?

1920-களில் ஐன்ஸ்டைன் ஜூரிச் வந்தால் மிலேவாவின் வீட்டிலேயே தங்குவது உண்டு. எல்ஸாவுக்கு இது பிடித்திருக்காது. ஊர் வாய் என்பது சுவிட்சர்லாந்திலும் உண்டு. பிள்ளைகள் விடுமுறையில் ஜெர்மனிக்குப் போய்த் தந்தையோடு பாய்மரப் படகு ஓட்டினார்கள். இடையே சண்டையும் வந்தது. 1925-இல் மிலேவா தம் நினைவுகளை எழுதப்போவதாகச் சொன்னதற்கு ஐன்ஸ்டைன் சுள்ளென்று பதில் எழுதினார். ஆனால் 1914-ஐப் போல் உறவு அறுந்துவிடவில்லை. சண்டைக்குப் பின் அடுத்த கடிதம் வந்தது.

இருவரிடமும் மாறுதல் தெரிகிறது. நிபந்தனைத் தாள் நீட்டிய மனிதர், மகன்களின் உடல்நலம், படிப்பு, செலவு எல்லாவற்றையும் மிலேவாவோடு கலந்து பேசுபவராக ஆனார். தேர்விலும் இல்வாழ்விலும் தோற்றதாக எண்ணப்பட்ட பெண், வீட்டுச் சொந்தக்காரராக, பியானோவும் கணிதமும் சொல்லிக் கொடுப்பவராக, முன்னாள் கணவருக்கு அஞ்சாமல் பதில் சொல்பவராக நிமிர்ந்தார். கணவன் மனைவியாக இருந்தபோது இருவருக்கும் இது கைகூடவில்லை.

ஒரு வேடிக்கையும் நடந்தது. ஹான்ஸ் ஆல்பர்ட் தம்மைவிட ஒன்பது வயது மூத்த ஃப்ரீடா என்ற பெண்ணை மணக்க விரும்பினார். ஒரு காலத்தில் பெற்றோர் எதிர்ப்பை மீறி மணந்த இந்த இருவரும் இப்போது ஒரே கட்சியாகச் சேர்ந்து எதிர்த்தார்கள்! மகன் கேட்கவில்லை, 1927-இல் திருமணம் நடந்தது.

இந்த மகனைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் காவிரிக் கரைக்காரனுக்கு மனம் ஒப்பாது. 1926-இல் ஐன்ஸ்டைன் ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு டம்ளர் நீரில் சிறிது தேயிலைத் தூளைப் போட்டுக் கலக்கி விடுங்கள். சுழலும் பொருள் வெளிப்புறம்தானே போக வேண்டும்? தூள் அடியில் நடுவில் வந்து குவியும். அடியில் உராய்வால் நீரின் வேகம் குறைகிறது. அதனால் அங்கே நீர் உள்நோக்கி நகர்ந்து தூளையும் இழுத்து வருகிறது. ஆற்று வளைவிலும் இதே கதைதான். வெளிக்கரை அரிக்கப்படும், உட்கரையில் மணல் படியும். கொள்ளிடத்தின் வளைவுகளில் இதைக் கண்ணால் காணலாம். மகன் நீரியல் பொறியாளராகி, ஆற்றின் அடியில் மணல் உருண்டு போவதை நிகழ்தகவுக் கணக்காக்கி 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஒரு மணற்பருக்கை இருக்கும் இடத்தில் கிடக்கிறது, நீரின் தூக்கும் விசை ஒரு கணம் பருக்கையின் எடையை மிஞ்சினால் தாவி நகர்கிறது, மீண்டும் கிடக்கிறது. 1938-இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் பெர்க்லியில் பேராசிரியரானார். 1950-இல் அங்கு வெளியிட்ட சூத்திரம் அணை கட்டுபவர்களுக்கும் வண்டல் கணக்கிடுபவர்களுக்கும் இன்றும் தெரிந்த ஒன்று. கடிதம் எழுத மறுத்த பையன், தந்தை இருந்த நாட்டிலேயே குடியேறினார்.

இளையவன் கதை வேறு. எடுவார்ட் மனநல மருத்துவராக விரும்பி மருத்துவம் படித்தவர். 1930-ஐ ஒட்டி அவருக்கே மனச்சிதைவு நோய் கண்டது. 1933-இல் ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா செல்லும் முன் ஐன்ஸ்டைன் மகனைக் கடைசியாகப் பார்த்தார், பிறகு பார்க்கவேயில்லை. இந்த நட்பின் எல்லை இங்கே தெரிகிறது. பணம் அனுப்பலாம், யோசனை எழுதலாம். இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்வது ஒருவர் தலையிலேயே விழுந்தது. மருத்துவச் செலவில் இரண்டு வீடுகள் போயின. மூன்றாவதும் கைநழுவாதிருக்க, 1930-களின் இறுதியில் அது ஐன்ஸ்டைன் பெயருக்கு மாற்றப்பட்டது. அதை நிர்வகிக்கும் அதிகாரத்தை அவர் மிலேவாவிடமே விட்டார். அந்த வீடு 1947-இல் விற்கப்பட்டபோது பணத்தைக் குறித்து இருவருக்கும் மீண்டும் மனத்தாங்கல். மறு ஆண்டு, 1948 ஆகஸ்ட் 4-இல், மிலேவா ஜூரிச்சில் காலமானார். எடுவார்ட் 1965 வரை உயிரோடிருந்தார்.