நாளைச் சொல்வது நிலா, நிமிடத்தைச் சொல்வது சூரியன்

2024 நவம்பர் 7 மாலை. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். அதே மாலையில் பாட்னாவின் கங்கைப் படித்துறைகளில் பெருங்கூட்டம் நீரில் இறங்கி, மறையும் சூரியனுக்கு அர்க்கியமாக நீர் விட்டது. அது சத் பூஜை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் வேலை பார்க்கும் பீகார்க்காரர்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய பண்டிகை அதுதான். லீவும் ரயில் டிக்கெட்டும் சேர்ந்து அமையாதவர்கள் இங்கேயே கொண்டாடுகிறார்கள்.

கந்த சஷ்டியும் சத் பூஜையும் ஒரே நாளில் வந்தது தற்செயல் அல்ல. தீபாவளி அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறைச் சஷ்டிதான் இரண்டுக்கும் நாள். திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது; முருகன் சினம் தணிந்த தலம் என்பதால் புஷ்பாஞ்சலி நடக்கும். அதற்கும் இதே சஷ்டிதான்.

திதி என்பது ஒரு கோணம். வானத்தில் நிலா ஒரு நாளில் சுமார் 13 பாகை நகர்கிறது, சூரியன் சுமார் 1 பாகை. கடிகாரத்தின் பெரிய முள் சின்ன முள்ளை முந்திப் போவதுபோல, நிலா தினமும் ஏறக்குறைய 12 பாகை முன்னேறுகிறது. ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. இடைவெளி 60 பாகையிலிருந்து 72 பாகை வரை இருந்தால் வளர்பிறைச் சஷ்டி. நிலாவின் பாதை நீள்வட்டம். அதன் வேகம் கூடிக் குறையும். அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்தைத் தாண்டியும் நீளலாம். ஆனால் அது பிறக்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே.

நாள் பொதுவானது. நிமிடம் அப்படியல்ல, ஏனென்றால் அர்க்கியம் சூரியனைப் பார்த்து விடுவது. அன்று பாட்னாவில் சூரியன் மறைந்தது மாலை 5.05 வாக்கில், கும்மிடிப்பூண்டியில் 5.40 வாக்கில். ஊரில் அம்மா தேகுவாப் பலகாரமும் கரும்பும் வைத்த மூங்கில் முறத்தைத் தூக்கிக் காட்டுவதை வீடியோ காலில் பார்க்கும் மகனுக்கு, இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் காலை அர்க்கியம் உதிக்கும் சூரியனுக்கு. இப்போது வித்தியாசம் என்ன? பாட்னாவில் 6.01, இங்கே 6.06. முந்தைய மாலை 35 நிமிடமாக இருந்த இடைவெளி ஐந்தாகச் சுருங்கிவிட்டது!

கணக்கு எளிது. பாட்னா நமக்குக் கிழக்கே 5 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக 20 நிமிடம். பாட்னா வடக்கேயும் 12 பாகை தள்ளி இருக்கிறது. நவம்பரில் பூமியின் வடபாதி சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருப்பதால், அங்கே பகல் நம்மைவிட அரை மணி நேரம் குறைவு. அந்தக் குறைவு இரு முனைக்கும் பாதிப் பாதி: காலை 15 நிமிடம் தாமதம், மாலை 15 நிமிடம் முன்கூட்டி. மாலையில் 20உம் 15உம் கூடி 35. காலையில் 20இல் 15 போய் 5. சத் பூஜைக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் 36 மணி நேர விரதம் முடிவது காலை அர்க்கியத்தில்தான். 1,450 கிலோமீட்டர் இடைவெளியில் ஊரில் மாமியாரும் இங்கே மருமகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதல் மடக்குத் தண்ணீர் குடிக்கலாம்.

அவர்கள் வணங்கும் உதயசூரியனே ஒரு காட்சிதான். அடிவானத்தருகே காற்று ஒளியை அரை பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வளைக்கிறது; சூரிய வட்டத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. வட்டம் முழுதாக மேலேறி அடிவானத்தைத் தொட்டு நிற்கும்போது, காற்று இல்லாவிட்டால் அது இன்னும் கீழேதான் இருந்திருக்கும்.

சிலர் வசந்தத்திலும் சத் நோற்கிறார்கள். 2025இல் அது ஏப்ரல் 3 மாலையில் வந்தது. அதற்குள் சாய்வு பக்கம் மாறி, வடக்கே பகல் நீண்டுவிட்டது. கணக்கும் தலைகீழானது: மாலையில் இடைவெளி சுமார் 15 நிமிடம், காலையில் 25. ஊரோடு சேர்ந்து கும்பிட நவம்பரில் காலை வாகானது, ஏப்ரலில் மாலை.