தராசு காட்டாத கொழுப்பு

“எனக்கென்ன சாமி, ஒல்லித் தேகம். சர்க்கரை நோயெல்லாம் பருத்தவர்களுக்கு வருவது” என்று நகைத்தவண்ணம் கூறினார் எம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர். ஓராண்டு கழியுமுன், அறுவைக்கு முன்பாக அவருக்கு நோயில்பூசுதல் அளிக்க மருத்துவமனைக்குச் சென்றேன். காலில் ஆறாத புண். இறையருளால் பிழைத்தார், ஆயினும் இரு விரல்களை இழந்தார். நோய் பல்லாண்டுகளாகவே உள்ளிருந்தது என்றார் மருத்துவர்.

ஒல்லியாயிருப்பவரிடம் கொழுப்பு இராது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. புனே நகரின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் நிழற்படத்தை வெளியிட்டு இதனைப் பொய்யென்று காட்டினர். உயரத்திற்கேற்ற எடையைக் கணிக்கும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் கருவி கொண்டு அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2. நம்மவர்க்குத் தசை குறைவு. கொழுப்போ வயிற்றினுள், ஈரலையும் குடலையும் சூழ்ந்து தங்குகிறது. இன்சுலினின் வேலையைக் கெடுப்பது பெரிதும் இக்கொழுப்பே. தராசு இதனைப் பிரித்துச் சொல்லாது.

தையற்காரரின் அளவு நாடா ஓரளவு சொல்லும். காலையில் உணவுக்கு முன் நிமிர்ந்து நில்லுங்கள். விலாப்புறத்தில் கையை அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே, ஆடையின்மீதல்லாமல் உடலின்மீது, நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளிழுப்பது வீண். நாடாவை ஏமாற்றி யாருக்கு என்ன பயன்? வேட்டி கட்டுமிடத்தை இடுப்பென்று கொள்ளவேண்டாம். தொந்தி பெருக்கப் பெருக்க வேட்டி கீழிறங்கிவிடும்!

இனி கணக்கு. அமெரிக்காவில் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ நிலைய ஆய்வாளர் வுல்காட்டும் பெர்க்மனும் 2018-இல் தந்த எளிய முறை இது. உயரத்தை இடுப்பளவால் வகுத்து, வந்ததை 20-ஆல் பெருக்கவேண்டும். அத்தொகையை ஆண்களானால் 64-இலிருந்தும், பெண்களானால் 76-இலிருந்தும் கழிக்க, எஞ்சுவது கொழுப்பின் விழுக்காடு. தாய்மைக்கெனப் பெண்ணுடலில் இயல்பாகவே கொழுப்பு கூடுதலாதலின் இவ்வேறுபாடு.

உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று பிரசங்கிக்கும் அடியேனும் அளந்து பார்த்தேன். உயரம் 165 சென்டிமீட்டர், இடுப்பு 92. வகுத்தால் 1.79, பெருக்கினால் ஏறத்தாழ 36, மீதி 28 விழுக்காடு. 62 கிலோ எடையில் 17 கிலோ கொழுப்பு! அங்கியின் அகலம் இத்தனை நாளும் இதனை மறைத்திருந்தது.

இம்முறை அமெரிக்க மக்களின் அளவுகளினின்று எழுந்தது. சில விழுக்காடு கூடலாம், குறையலாம். சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இது பொருந்தாது. கணக்கு கடினமாயிருப்பின் இடுப்பளவு ஒன்றே போதும்: இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது மருத்துவர் வகுத்த எல்லை. அதனைத் தாண்டியவர், எத்துணை ஒல்லியாயினும், இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன அன்பர் இப்போது ஊன்றுகோலுடன் பூசைக்கு வருகிறார். தம் புதல்வர் இருவரையும் அளந்துவிட்டாராம். மூத்தவனுக்கு 94. வரும் திங்களன்று சோதனைக்கு அழைத்துச் செல்கிறார்.