இரண்டெழுத்தும் மூன்றொலியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், இடப்புறம் வங்கக் கடலும் வலப்புறம் வாவியுமாக அமைந்த ஒடுங்கிய மணற்பரப்பிலே, குருக்கள்மடத்தைக் கடந்ததும் வருகின்ற ஊர் செட்டிபாளையம். அதன் பெயரைத் தமிழெழுத்திற் படிப்பவருக்கு எவ்வித ஐயமும் எழுவதில்லை. ஆங்கில எழுத்திலோ அது சீ, எச் என்னும் இரண்டெழுத்துக்களோடு தொடங்குகின்றது. தமிழறியாத பயணி ஒருவர் அதனைக் கண்டு, 'செட்டி' என்பதா, 'கெட்டி' என்பதா, அன்றி 'ஷெட்டி' என்பதா என்று மயங்குவாராயின், அவரைக் குறை கூறுதல் ஆகாது. அவர் கற்ற ஆங்கிலத்தில் அவ்விரண்டெழுத்தும் சொன்முதலில் மூன்று விதமாகவும் ஒலிப்பன.

பயணிக்கு ஒருநாள் நேரும் இம்மயக்கம், ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவனுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு பாடத்திலும் நேர்கின்றது. நாற்காலிக்குச் 'சேர்' என்று கற்கிறான். கோழிக்குஞ்சுக்குச் 'சிக்கின்' என்று கற்கிறான். அந்த ஒழுங்கை நம்பி, அடுத்த பக்கத்தில் அதே ஈரெழுத்தோடு வரும் இரசாயன வல்லுநரைச் 'செமிஸ்ற்' என்று வாசிக்கிறான். 'கெமிஸ்ற்' என்பதே சரி. வகுப்பிலே ஒரு சிரிப்பு எழுகின்றது. அச்சிரிப்பின் பின்னர் அவன் பல நாள் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தை எழுதத் தெரிந்தும் பேச அஞ்சுகின்ற பலருடைய அச்சம் இவ்வாறான ஒரு சொல்லிலேதான் தொடங்கியிருக்கும். உண்மையில் அம்மாணவன் செய்தது அறிவுடைய செயல். கற்ற விதியை அவன் காணாத இடத்திலும் பொருத்திப் பார்த்தான். விதி முழுமையாக அவனுக்குச் சொல்லப்படவில்லை என்பதே குறை.

ஓரெழுத்துப் பலவாறு ஒலிப்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பச்சை, மஞ்சள், பசி என்னும் மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், ஒரே சகரம் மூன்று ஓசையாக நிற்பது செவிக்குப் புலனாகும். இரட்டிக்கும்போது வன்மையும், ஞகரத்தை அடுத்தபோது அதற்கேற்ற மென்மையும், இரண்டுயிர்க்கு நடுவே தனித்து வரும்போது ஸகரச் சாயலும் அது பெறுகின்றது. இவ்வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை எவரிடமும் கற்பதில்லை. எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானித்து விடுகின்றது.

ஆங்கிலத்தில் நிலை வேறு. சீ, எச் என்பவை சொன்முதலாகிய ஒரே இடத்தில் நின்றும் மூன்றாக ஒலிக்கின்றன. ஆங்கே ஒலியைத் தீர்மானிப்பது அச்சொல்லின் பிறப்பு. எந்த மொழியிலிருந்து, எந்தக் காலத்தில் அது ஆங்கிலத்துட் புகுந்தது என்பதை அறிந்தால் ஒலி பெரும்பாலும் தானே விளங்கும்.

முதலாவது ஒலி, 'பச்சை' என்பதில் இரட்டித்து நிற்கும் சகரத்தின் ஒலி. அதனைப் பச்சைச் சகரம் என்று இங்கு வழங்குதல் வசதி. ஆங்கிலேயரின் வீட்டிலும் வயலிலும் உடம்பிலும் ஒட்டிய பழஞ்சொற்கள் இவ்வொலி உடையவை. பிள்ளைக்குச் 'சைல்ட்', நாடிக்குச் 'சின்', கன்னத்துக்குச் 'சீக்', தெரிந்தெடுத்தலுக்குச் 'சூஸ்', படுவான்கரை வயல்களிலே தூற்றும்போது பறக்கின்ற பதருக்குச் 'சாஃப்'. பழைய ஆங்கிலத்தில் இவையெல்லாம் எச் இன்றிச் சீ என்னும் ஒற்றை எழுத்தாலேயே எழுதப்பட்டன. அதே சீ ககரத்துக்கும் உரியதாய் இருந்தது. அரசனைக் குறிக்கும் 'கிங்' என்பதும் அன்று சீ கொண்டே தொடங்கிற்று. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு எழுத்துமுறை பயின்ற எழுத்தர்கள் பச்சைச் சகரத்தைப் பிரித்துக் காட்டுதற்கு எச் என்பதைத் துணையாகச் சேர்த்தனர். ஆகவே இவ்விரட்டை எழுத்து மயக்கத்தைத் தீர்க்கவே ஆங்கிலத்துக்கு வந்தது என்பது வேடிக்கை.

இவ்வினத்துச் சொற்களிலே பயன்பாட்டில் வழுக்கல் உடையவை சில. பிள்ளைக்குரிய சொல்லிலிருந்து 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' என இரண்டு பண்புச் சொற்கள் பிறக்கும். முதியவர் ஒருவருடைய கள்ளமற்ற உள்ளத்தைப் பாராட்ட எண்ணி முன்னையதைச் சொன்னால், அவர் சிறுபிள்ளைத்தனம் உடையவர் என்று இகழ்ந்ததாக முடியும். பாராட்டுக்கு உரியது பின்னையதே. 'சீப்' என்பதும் அத்தகையது. இன்று மலிவு என்று பொருள்படும் அச்சொல், பழைய ஆங்கிலத்தில் வாணிபத்தையும் சந்தையையும் குறித்தது; இலண்டனிலுள்ள 'சீப்சைட்' என்னும் தெருப்பெயரில் அப்பொருள் இன்றும் தங்கியிருக்கின்றது. வாணிபத்திலிருந்து மலிவுக்கும், மலிவிலிருந்து கீழ்த்தரத்துக்கும் அச்சொல் இறங்கிவிட்டது. ஆதலால் ஒருவர் அளித்த பரிசைச் 'சீப்' என்பது அவரை நோகச் செய்யும். தமிழிலே 'செட்டு' என்னும் சொல்லுக்கும் வாணிபம் ஒரு பொருள். அது இறங்கி வந்து நின்ற இடம் சிக்கனம். இரு சொற்களுக்கும் உறவு எதுவுமில்லை. ஆயினும் தமிழ்ச்சொல் மரியாதையான இடத்திலே நின்றுகொண்டது.

இரண்டாவது ஒலி ககரம். கிரேக்க மொழியில் 'கீ' என்று ஓர் எழுத்துண்டு. அதனை உரோமர் தம் எழுத்தில் சீ, எச் எனப் பெயர்த்தெழுதினர். அவ்வழியே வந்த சொற்கள் ஆங்கிலத்திற் பெரும்பாலும் ககரமாகவே ஒலிக்கும். கூட்டிசைக்குக் 'கோரஸ்', பெருங்குழப்பத்துக்குக் 'கேயொஸ்', பண்புக்குக் 'கரக்டர்', பச்சோந்திக்குக் 'கமீலியன்'. 'கரக்டர்' என்பது கிரேக்கத்திற் செதுக்கிய அடையாளத்தைக் குறித்த சொல். அது மனிதனின் உள்ளத்திற் செதுக்கியது போன்ற குணத்துக்கும், அச்சிலே செதுக்கிய எழுத்துக்கும் ஒருங்கே பெயரானது அதனால்தான். கல்வியும் மருத்துவமும் விஞ்ஞானமும் சார்ந்த சொல்லாயின், ககரம் என்று துணிவது பெரும்பாலும் பிழைக்காது. இதில் ஒரு விதி தவறாதது: சீ, எச் இரண்டையும் அடுத்து லகரமோ ரகரமோ வருமாயின் ஒலி எப்போதும் ககரமே. வெள்ளம் வடிந்தபின் கிணற்றில் இடுகின்ற குளோரினும், பளபளக்கும் குரோமியமும், கிறிஸ்து என்னும் திருப்பெயரும் அவ்விதியின்பாற்பட்டவை. இவ்விதியைக் கேளாமலே மட்டக்களப்பு மக்கள் இச்சொற்களைச் சரியாகச் சொல்லி வருகின்றனர்.

இவ்வினத்தில் ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வைத்தியசாலைக் கிளினிக் அட்டைகளில் 'குரோனிக்' என்று எழுதப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த இதற்கு நாட்பட்டது, நெடுங்காலம் நீடிப்பது என்பதே பொருள். ஆயினும் அதன் வல்லோசையைக் கேட்டோ, சொல்பவரின் முகக்குறிப்பைக் கண்டோ, கடுமையானது, கை கடந்தது என்று பொருள் கொண்டு வீட்டார் கலங்குவதுண்டு. நோயின் கடுமைக்கு ஆங்கிலத்தில் 'சிவியர்' என்று வேறு சொல் இருக்கின்றது. திடீரெனத் தோன்றி விரைவில் முற்றும் நோயை 'அகியூற்' என்பர். அதற்கு எதிரானதே 'குரோனிக்'. பல ஆண்டுகளாய் அடங்கி இருக்கும் மூட்டுவலியும் 'குரோனிக்'தான். சொல்லின் பொருளை அறியாததனால் மருந்தை விட்டுவிட்டு மனந்தளர்ந்து இருந்துவிடுவதும், மறுபுறம் நாட்பட்டது என்றதை நாள்போனது என்று கருதிச் சிகிச்சையைக் கைவிடுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

ககர இனத்தில் ஒரு விந்தையான உறுப்பும் உண்டு. தேவாலயத்திற் பாடுகின்ற குழுவைக் 'குவையர்' என்பர். எழுதுவதோ சீ, எச் கொண்டே. முன்னர் இச்சொல்லை ஒலிக்கேற்பவே எழுதி வந்தனர். பதினேழாம் நூற்றாண்டிற் கற்றோர், 'கோரஸ்' என்பதோடு இதற்குள்ள உறவு கண்ணுக்குத் தெரிதல் வேண்டுமென்று எழுத்தை மாற்றினர். வாய் மாறவில்லை. எச் என்னும் ஓரெழுத்தை நீக்கினால் அது 'கொயர்' ஆகிவிடும். வாவிக் கரையில் மட்டை ஊறவைத்துத் திரிக்கும் கயிற்று நாருக்கு ஆங்கிலப் பெயர் அதுவே. அச்சொல் கயிறு என்பதன் உறவினமாய் மலையாளக் கரையிலிருந்து சென்றது. பாடற்குழுவில் இடம் கேட்டு விண்ணப்பிப்பவர் அந்த எச் என்பதை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது ஒலி ஷகரம். இது பிரெஞ்சு வழியது. இங்குதான் காலம் புகுந்து விளையாடுகின்றது. பழைய பிரெஞ்சிலே சீ, எச் இரண்டும் பச்சைச் சகரமாகவே ஒலித்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பிரெஞ்சுக்காரர் வாயில் அது தேய்ந்து ஷகரமாயிற்று. தேய்வதற்கு முன்னர் இங்கிலாந்துக்குக் குடியேறிய சொற்கள் பழைய ஒலியைக் காத்துக்கொண்டன: 'சேர்', 'செயின்', 'சேஞ்ச்', 'சான்ஸ்', 'சப்பல்' ஆகியவை. பிற்காலத்தில் வந்தவை புதிய ஒலியோடு வந்தன: 'ஷம்பேன்', 'ஷோஃபர்', 'ஷண்டலியர்', கரையோர விடுதிகளின் பலகைகளிற் காணும் 'ஷலே' ஆகியவை. 'ஷலே' என்பதைச் 'சலெற்' என்று படிப்போர் பலர். அதன் இறுதி எழுத்தும் ஒலிப்பதில்லை.

இவ்வேறுபாட்டை ஒரு குடும்பத்துக்குள்ளேயே காணலாம். தலைவனைக் குறிக்கும் 'சீஃப்' என்பதும், சமையற் பகுதித் தலைவனைக் குறிக்கும் 'ஷெஃப்' என்பதும் ஒரே பிரெஞ்சுச் சொல். இரண்டுக்கும் மூலம் தலை என்று பொருள்படும் இலத்தீன் சொல். முன்னது 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்தது. பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகுந்தது. இடையிலே கழிந்த ஐந்நூறு ஆண்டின் அளவே அவற்றின் ஒலி வேற்றுமை. 'சார்ள்ஸ்' என்னும் ஆண்பெயரும் 'ஷார்லற்' என்னும் பெண்பெயரும் அவ்வாறே அண்ணனும் தங்கையும் போன்றவை. விலக்கு இல்லாமலில்லை. வீரப்பண்பைக் குறிக்கும் 'ஷிவல்றி' முற்காலத்தில் வந்த சொல்லாயினும் பிற்காலத்தார் அதற்குப் பிரெஞ்சு ஒலியை மீண்டும் ஏற்றிவிட்டனர்.

தேவாலயத்தைக் குறிக்கும் 'சேர்ச்' என்பதும் ஒரு விலக்குப் போலத் தோன்றும். அது ஆண்டவருக்குரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ககரமாக ஒலித்தல் வேண்டுமே எனலாம். ஆனால் அது நூல் வழியாக வரவில்லை. மிகப் பழங்காலத்தில் மக்கள் வாய்வழியாக வந்து ஆங்கில வீட்டுச்சொல்லாகிவிட்டது. ஸ்கொத்லாந்தினர் இன்றும் அதனைக் 'கேர்க்' என்றே சொல்கின்றனர்.

இனி, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று அதே இரண்டெழுத்தை அணிந்துகொண்ட சொற்களும் உள. 1886இல் யூல், பேர்ணல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதியில் அவற்றைக் காணலாம். சங்கு 'சாங்க்' ஆயிற்று; சுண்ணம் 'சூனம்' ஆயிற்று; செட்டி 'செற்றி' ஆயிற்று; சாயவேரும் அவ்வாறே இடம்பெற்றது. இவை பச்சைச் சகரத்தோடு ஒலிப்பன. சுருட்டு மட்டும் 'ஷெரூற்' என்று ஷகரம் பெற்றது. பிரெஞ்சு வடிவத்தின் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தமையே காரணம் என்பர். யாழ்ப்பாணத்துச் சுருட்டைச் 'செரூற்' என்று தமிழர் ஒருவர் ஆங்கிலத்திற் சொன்னால் அகராதி அவரைத் திருத்தும்; தம் வீட்டுப் பொருளின் பெயரிலேயே திருத்தப்படுவது சற்று மனத்தாங்கலான விடயந்தான்.

தமிழ்ச் சகரத்துக்கு ஐரோப்பியர் ஏன் அவ்விரண்டெழுத்தைத் தேர்ந்தனர்? தொல்காப்பியம் சகரம் இடைநா இடையண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் என்கின்றது. அப்பிறப்பு பச்சைச் சகரத்துக்கே உரியது. மலையாளத்தில் இன்றும் சொன்முதற் சகரம் அவ்வாறே ஒலிக்கின்றது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் அக்கால மொழியிலும் சீ, எச் இரண்டும் பச்சைச் சகரமாகவே நின்றன. எனவே அத்தேர்வு பொருத்தமானதே. பின்னர்த் தமிழர் வாயில் சொன்முதற் சகரம் பெரிதும் ஸகரத்தை நோக்கி நெகிழ்ந்தது. ஆயினும் ஊருக்கூர், ஆளுக்காள் பழைய வல்லோசையும் கேட்கின்றது. எழுத்து இரண்டு வழியாகப் பிரிந்தது இதனால்தான். தமிழரசுக் கட்சித் தலைவராய் இருந்த சா. ஜே. வே. செல்வநாயகம் தம் பெயரைச் சீ, எச் கொண்டு எழுதினார். அப்பெயருடைய வேறு பலர் எஸ் கொண்டு எழுதுகின்றனர். மட்டக்களப்புப் பகுதியிலே செங்கலடி சீ, எச் பெறுகின்றது. சம்மாந்துறை எஸ் பெறுகின்றது.

எதிர்த்திசையிலும் இச்சகரம் உதவியிருக்கின்றது. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் பெயரைத் தமிழாக்கும்போது 'செகசிற்பியார்' என்றார். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் அப்பெயரைக் காணலாம். ஷகரத்தைத் தமிழ்ச் சகரத்துக்குள் அடக்கி, அதற்கு ஒரு பொருளும் கொடுத்துவிட்டார்.

செட்டிபாளையத்தின் பெயரில் இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. ஊர்ப்பெயரின் நடுவிலுள்ள இரட்டை டகரத்தைச் சிலர் இரண்டு ரீயாலும், வேறு சிலர் வட்டுக்கோட்டையை எழுதும் இலங்கை வழக்கைப் பின்பற்றி இரண்டு டீயாலும் எழுதுகின்றனர். டீ என்பது ஆங்கிலத்தில் மெலிந்த ஒலியாதலால், முதலெழுத்தைச் சரியாகச் சொல்லிவிட்ட பயணியும் அடுத்த அடியில் 'செடிபாளையம்' என்று சொல்லக்கூடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் மற்றொரு விதமாகவும் ஊர்ப்பெயர் அமைந்துவிட்டால், கந்தோரில் அமர்ந்திருப்பவருக்கு அவை இரண்டு ஊர்களாகத் தோன்றலாம். ஆதலால் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்காருமுன், பழைய பத்திரத்திலுள்ள எழுத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.