கை மறந்தால் உயிர் போகும்

டாக்டர் சீட் எட்டாத பிளஸ் டூ மாணவர்களின் கண்ணில் படும் படிப்புகளில் ஒன்று அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். மூன்று ஆண்டுப் பட்டம், பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. நர்சிங், விலங்கியல், தாவரவியல் படித்தவர்களும் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் ஆகலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல் தாண்டினால் ஏறக்குறைய 50 நாள் பயிற்சி உண்டு. அதன்பின் 12 மணி நேர ஷிப்ட். வண்டியில் ஓட்டுநரான 'பைலட்'டும் இ.எம்.டி.யுமாக இருவர்தான்.

வகுப்பில் கற்பதில் பெரும்பகுதி கைவேலை. நின்றுபோன இதயத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டராவது மார்பு இறங்க வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இதுதான் சி.பி.ஆர். விபத்தில் விழுந்தவரின் கழுத்துக்குக் காலர் மாட்டி, தலை முதல் கால் வரை ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். பாம்பு கடித்தவருக்குக் கயிறு கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைக்க வேண்டும். கொடி சுற்றிய குழந்தையை வண்டியிலேயே பிரசவம் பார்த்து எடுக்கவும் தெரிய வேண்டும்.

இத்தனையையும் ஒருமுறை கற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதுமா? இதுதான் என் பெரும் கவலை. சி.பி.ஆர். பழகியவர்களின் திறன் சில மாதங்களிலேயே குறையத் தொடங்குவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தினமும் வண்டியில் போவதே பயிற்சிதானே என்பவர்கள் உண்டு. ஆனால் அன்றாட அழைப்புகளில் பல காய்ச்சல், வயிற்றுவலி, பிரசவ வலி. மாரடைப்பில் மூச்சு நின்றவரோ கால் முதலில் வரும் குழந்தையோ ஒரு சிற்றூர் வண்டிக்கு எப்போதோதான் வரும். பழகாத கை அன்றைக்குத்தான் தடுமாறும்.

மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பர்களுக்கும் பதிவேடு உண்டு என்கிறது. அந்தப் பதிவைப் புதுப்பிக்க, பொம்மைமேல் செய்முறைத் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டும். அதையும் ஷிப்ட் முடிந்து களைத்தவரை நிறுத்திவைத்து நடத்தாமல், சம்பளத்தோடு கூடிய பணி நேரத்தில் நடத்த வேண்டும்.

கல்லூரி தேடும் பெற்றோர், கட்டணத்தோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் பொம்மையில் பழகுவான்? ஆம்புலன்ஸில் எத்தனை நாள் ஏறுவான்? தெளிவான பதில் இல்லையென்றால் அங்கே சேர்க்காதீர்கள்.