வயது வந்தோருக்கான தடுப்புப் பல் பராமரிப்பு

பல்லிலும் ஈறிலும் நோய் வருவதற்கு முன்போ, தொடக்க நிலையிலோ அதைக் கண்டறிந்து நிறுத்தும் முயற்சியே தடுப்புப் பல் பராமரிப்பு எனப்படும். தினசரி பல் துலக்குதல், பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்தல், பற்காரையை அகற்றுதல், குறித்த கால இடைவெளியில் பரிசோதனை, புகையிலையைத் தவிர்த்தல் ஆகியன இதில் அடங்கும். "வயதானால் பல் விழும்" என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் பற்கள் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வயதன்று. பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்த சொத்தையும் ஈறு நோயுமே ஆகும்.

நோய் உருவாகும் விதம்

பல்லின்மேல் ஒட்டும் பாக்டீரியாப் படலம், உணவில் உள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது. வாயின் அமிலத்தன்மை ஏறத்தாழ பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் இந்த இழப்பைச் சரிசெய்யும். ஃபுளோரைடு அதற்குத் துணை நிற்கும். அடிக்கடி இனிப்பு உட்கொண்டால் சரிசெய்ய நேரம் கிடைக்காமல் சொத்தை உண்டாகிறது.

அகற்றப்படாத படலம் நாளடைவில் கெட்டியாகிப் பற்காரை ஆகிறது. ஈறு வீங்குகிறது, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இந்த நிலையில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். விட்டுவிட்டால் அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும். பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலரும் மருத்துவரிடம் செல்கின்றனர்.

இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வு

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் காட்டும் புகழ்பெற்ற ஆய்வு தமிழ்த் தொழிலாளர்களிடையே நடந்தது. ஹரால்டு லோ என்ற ஈறு நோய் ஆய்வாளரின் குழு, 1970-இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தது. பல் துலக்கும் பழக்கமோ, பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை.

சுமார் 8 விழுக்காட்டினருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் செல்லவில்லை. வேகமான பிரிவினர் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தனர். மிதமான பிரிவினர் அதே வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். இவர்களிடம் சொத்தை ஏறக்குறைய இல்லை. எனவே, விழுந்த பற்கள் அனேகமாக எல்லாமே ஈறு நோயால் விழுந்தவை.

அதே குழு நார்வேயின் ஆஸ்லோ நகரில், பல் பராமரிப்புப் பெற்று வந்த மாணவர்களையும் கல்வியாளர்களையும் கவனித்தது. 40 வயதை ஒட்டி, பல்லைப் பிடித்திருக்கும் திசுவின் சராசரி இழப்பு ஆஸ்லோவில் 1.5 மி.மீ.-க்குச் சற்று மேல். தேயிலைத் தோட்டத்தில் 4.5 மி.மீ. ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் நோய் ஒரே வேகத்தில் வளரவில்லை. தான் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை ஒருவர் பரிசோதனையின்றி அறிய முடியாது.

கார்ல்ஸ்டாட் ஆய்வு

பராமரிப்பு தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகர ஆய்வு காட்டியது. பெர் ஆக்செல்சனும் யான் லிண்டேயும் 1970-களின் தொடக்கத்தில் 375 பெரியவர்களுக்குத் தடுப்புப் பராமரிப்பைத் தொடங்கினர். முதல் 2 ஆண்டுகள் 2 மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் 6-ஆம் ஆண்டு வரை 3 மாதத்துக்கு ஒருமுறையும் அவர்கள் அழைக்கப்பட்டனர். அதன்பின் அவரவர் தேவைக்கேற்ப இடைவெளி கூட்டப்பட்டது. பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஒருமுறையே போதுமாயிற்று. தாமே சுத்தம் செய்துகொள்ளும் முறையையும் கற்றனர்.

முப்பது ஆண்டு முடிவில் 257 பேர் எஞ்சியிருந்தனர். தொடக்கத்தில் 51 வயதைக் கடந்திருந்தவர்கள்கூட அந்த 30 ஆண்டுகளில் சராசரியாக 1.8 பற்களையே இழந்திருந்தனர். 35 வயதுக்கு உட்பட்டோர் இழந்தது 0.4 மட்டுமே.

நீண்டகாலப் பயன்கள்

- இயற்கைப் பற்கள் நிலைப்பதால் முதுமையிலும் நன்கு மென்று உண்ண முடிகிறது. பேச்சும் தெளிவாக இருக்கும்.
- சிறு சொத்தையை அடைப்பதோடு செலவு முடிகிறது. தாமதித்தால் வேர் சிகிச்சை, பல் உறை, செயற்கைப் பல் எனச் செலவு வளர்கிறது.
- நீரிழிவு ஈறு நோயை மோசமாக்குகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றால் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு ஓரளவு மேம்படுகிறது.
- புகையிலையால் வரும் வெண்திட்டு, ஆறாத புண் போன்றவை பரிசோதனையின்போது தெரியவருவதால் வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வாய்ப்பு உண்டு.

தொழிற்பகுதியில் இதன் தேவை

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்வோர் ஏராளம். தூக்கம் கலைய இரவில் பலமுறை குடிக்கும் சர்க்கரைத் தேநீர், வேலை முடிந்ததும் துலக்காமல் உறங்குதல், வாயில் அடக்கும் புகையிலை ஆகிய மூன்றும் பல்லுக்குப் பகை. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை விதித்தது.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளரும் குடும்பத்தினரும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் மருத்துவ வசதி பெறலாம். தகுதியுள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். பல் மருத்துவமும் அதில் உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு.

நடைமுறை

ஃபுளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்க வேண்டும். இரவு ஷிப்ட் செய்வோர் காலையில் உறங்கச் செல்லுமுன் துலக்குவது அவசியம். செங்கல் தூள், கரி போன்றவை எனாமலைத் தேய்க்கும் என்பதால் தவிர்க்க வேண்டும்.

எல்லோருக்கும் 6 மாத இடைவெளி கட்டாயமில்லை. பிரிட்டனின் வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம் வரை, நோய் வாய்ப்புக்கேற்ப இடைவெளியை முடிவு செய்யச் சொல்கிறது. நீரிழிவு உள்ளோரும் புகையிலைப் பழக்கம் உள்ளோரும் அடிக்கடி செல்ல வேண்டும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. எலும்பு கரைந்த பற்களைக் காரை பிடித்துக்கொண்டிருக்கும்; அதை அகற்றியதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும். துலக்கும்போது இரத்தம் கசிவதே பரிசோதனைக்குச் செல்ல ஏற்ற நேரம். வலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.