நத்தையின் மணமறி நரம்புகள்

மாரி தொடங்கியதும் பதுளையை அடுத்த தேயிலைத் தோட்டங்களில், லயங்களின் பின்புறத்தே பெரிய நத்தைகள் வெளிப்படும். பகலெல்லாம் கல்லிடுக்கிற் கிடப்பவை இரவில் ஊர்ந்து வந்து கோவா, போஞ்சி நாற்றுக்களைத் தின்றுவிடும். கொழுந்து பறித்து மீளும் தொழிலாளிக்கு அச்சிறு மரக்கறித் தோட்டம் பெருந்துணையாதலின், உப்பைத் தூவி நத்தையைக் கொல்லுதல் வழக்கமாயிற்று. உப்பு மண்ணையும் கெடுக்கும் என்பது வேறு. இவ்வினத்தின் தாயகம் கிழக்காபிரிக்கா. 1847 இல் கல்கத்தாவுக்கும், 1900 இல் அங்கிருந்து இலங்கைக்கும் மனிதரே இதனைக் கொண்டுவந்தனர்.

இருளில் நாற்று இருக்குமிடத்தை நத்தை எவ்வாறு அறிகின்றது? நெடிய உணர்கொம்புகள் இரண்டின் நுனியிலும் கண் உண்டெனினும், அது பெரும்பாலும் ஒளியையும் நிழலையும் பிரித்தறிதற்கே உதவும். அந்நுனியிலேயே மூக்கும் அமைந்துள்ளது. நத்தையை வழிநடத்துவது அதுவே.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொனால்ட் சேஸ் இவ்வினத்தையே ஆராய்ந்தார். உணவின் மணத்தை நத்தை நெடுநாள் நினைவிற் கொள்ளும் என அவரும் குறோலும் 1977 இற் காட்டினர். மணம் சென்று சேரும் வழியை, கொம்பின் நுனியிலிருந்து மூளைவரையும் அதற்கப்பாலும், அவரும் தொலொச்கோவும் 1993 இல் விரித்தெழுதினர்.

கண்ணுக்குப் புலனாகா இழைகளைத் தொடர்வது எங்ஙனம்? இத்துறையிற் கையாளப்படும் முறையொன்று மிக எளிது. நரம்பை அறுத்து, வெட்டுவாயைக் கோபாற்று உப்புக் கரைசலில் அமிழ்த்துவர். உப்பு இழையினுள்ளே மெல்ல ஏறிக் கலத்தின் உடலை அடையும். பின்னர்ச் சல்பைட்டு ஊட்டினால் அவ்வழி முழுவதும் கறுத்துவிடும். அயலிலுள்ள கலங்கள் நிறமின்றியே இருத்தலால், நுணுக்குக்காட்டியில் அந்த ஒரு வழி மாத்திரம் தனித்துத் தெரியும். மலைச்சரிவின் குறுக்குப் பாதைகளுள் ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தூவியது போல.

மூக்கின் கலங்கள் கொம்பினுள்ளேயே அமைந்த நரம்புத்திரட்டொன்றுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்பு, உணவுக்குழாயைச் சூழ்ந்து வளையமாய்க் கிடக்கும் மூளையின் முற்பகுதியை அடைகின்றது. வியப்பு இங்கேதான் உள்ளது. பிற பகுதிகளிலே வில்லை கொண்டு காணத்தக்க பெருங்கலங்கள் உண்டு; இம்முற்பகுதியிலோ மிகச் சிறிய கலங்கள் பல்லாயிரம் செறிந்துள்ளன. மூளைக் கலங்களுட் பெரும்பகுதி மணத்துக்கே ஒதுக்கப்பட்டது எனலாம். நத்தையின் ஓடில்லா உறவாகிய அட்டைநத்தையிலே, இப்பகுதியின் மின்னலைவு ஓயாது சீராக நிகழ்வதையும், புதுமணம் எட்டியதும் அது மாறுவதையும் கெல்ப்பெரின், ராங் ஆகிய இருவரும் 1990 இல் வெளியிட்டனர்.

பழுத்த பப்பாசித் தோலை மாலையில் வரம்பில் வைத்து, விடியுமுன் அங்கே கூடிய நத்தைகளைப் பொறுக்கும் முறை இம்மணவழியையே நம்பியது. மூளையுறையை அழற்றும் புழுவொன்றை நத்தை சுமப்பதுண்டு. ஆதலின் வெறுங்கையாற் பொறுக்கலாகாது.